மிச்ச மாத்திரைகள்

"இதுக்கு முன்னாடி வேற மாத்திரை ஏதாவது சாப்பிட்டிருக்காங்களா?"

டாக்டர் ஜெயகரன் ஜெனிஃபாவைத்தான் கேட்டார். கட்டிலில் கிடந்த அமிர்தவள்ளிக்குப் பதில் சொல்லத் தெம்பில்லை. நூற்று நான்கு டிகிரி காய்ச்சல். கல்லூரி லேபில் பியூரெட்டைப் பிடித்தபடியே சரிந்தவளை ஆட்டோவில் போட்டு, நேராக இந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருந்தாள் ஹாஸ்டல் தோழி ஜெனிஃபா.

அவள் டாக்டரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் கேஸ் ஷீட்டோடு நின்ற நர்ஸைப் பார்த்தாள். ஜெஸி சிஸ்டர். அந்த வார்டின் சீனியர் நர்ஸ். ஜெனிஃபாவின் அம்மா.

"இல்ல டாக்டர். பாராசிட்டமால் மட்டும்தான்."

"எழுதிக்குங்க சிஸ்டர்."

ஜெஸியின் பேனா காகிதத்துக்கு மேலே ஒரு கணம் நின்றது. பிறகு எழுதியது.

அது பொய் என்பது அம்மாவுக்கும் தெரியும், மகளுக்கும் தெரியும்.

அது 2003, மார்ச் முதல் வாரம். எம்.எஸ்ஸி. வேதியியல் பிராக்டிகல் தேர்வுக்கு எட்டே நாள் இருந்தது. ஆம்பூர் டேனரி ஒன்றில் தோல் ஊறும் டிரம்மைச் சுழற்றும் வேலை அமிர்தவள்ளியின் அப்பா கோபிக்கு. முதலாளி முனீர் அகமது அவரிடம் ஒரு வார்த்தை கொடுத்திருந்தார். "பொண்ணு பாஸ் பண்ணட்டும் கோபி. ஜூன்ல நம்ம லேப்லயே உக்கார வச்சுடறேன்." இருபத்திரண்டு வருஷமாக அப்பா நனைந்துகொண்டிருந்த அதே டேனரியில், வெள்ளை கோட்டு போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்காரப் போகிறவள். அவளுக்குக் காய்ச்சல் வர நேரமே இல்லை.

ஆனால் வந்தது. ஒரு முறை அல்ல, மூன்று முறை.

ஹாஸ்டலில் ஒரு விதி உண்டு. மூன்று நாள் காய்ச்சல் அடித்தால் வார்டன் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். டாக்டர் சர்டிபிகேட்டோடு வந்தால்தான் மறுபடி உள்ளே. மஞ்சள் காமாலை பரவிய வருஷத்தில் போட்ட விதி அது. தன் அம்மாவின் ஆபரேஷனுக்காக நவம்பரில் ஊரில் தங்கிய அமிர்தவள்ளிக்கு வருகைப் பதிவு ஏற்கெனவே விளிம்பில் நின்றது. இன்னும் ஒரு வாரம் போனால் தேர்வு எழுத முடியாது.

அதனால் காய்ச்சல் வந்தபோதெல்லாம் பன்னிரண்டாம் எண் அறையின் பிஸ்கட் டப்பா திறந்தது.

அந்த டப்பா ஜெனிஃபாவுடையது. உள்ளே சர்ச் காணிக்கைக் கவர்கள். கவரின் முகப்பில் சபையின் பெயர் அச்சாகியிருக்கும். அதன் கீழே நீல மையில் அம்மாவின் குண்டு குண்டு எழுத்து. 'காய்ச்சல்: காலை 1, இரவு 1.' 'வயிற்றுப்போக்கு.' 'சளி.'

டிஸ்சார்ஜ் ஆகிறவர்கள் கட்டில் பக்கத்து அலமாரியில் மிச்ச மாத்திரைகளை விட்டுவிட்டுப் போவார்கள். அவற்றைப் பார்மஸிக்குத் திருப்ப வேண்டும், அல்லது ரிஜிஸ்டரில் எழுதி அழிக்க வேண்டும். நல்ல மாத்திரைகளை அழிக்க ஜெஸிக்கு மனசு வராது. ஏப்ரன் பாக்கெட்டில் போட்டுக் கொண்டுவந்துவிடுவாள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை சபைப் பெண்கள் கிராமங்களுக்குப் போய் மருந்து கொடுப்பார்கள். அவர்களுக்காக நோய் வாரியாகப் பிரித்து, மீந்த காணிக்கைக் கவர்களில் போட்டு வைப்பாள். ஜெனிஃபா ஹாஸ்டலில் சேர்ந்தபோது அவளுக்கும் ஒரு செட் கொடுத்தாள். "வேஸ்ட் பண்ணாத. ஒவ்வொண்ணும் யாரோ ஒருத்தருக்கு உயிரு."

அந்த டப்பா வந்ததிலிருந்து ஹாஸ்டலில் ஜெனிஃபாவுக்குப் பேரே மாறிவிட்டது.

"இன்னா டாக்டரம்மா, ஓ.பி. தொறந்தாச்சா? டோக்கன் எங்க வாங்கணும்?" என்பாள் அறைத்தோழி அஃப்ஸர் ஜஹான். டப்பா மூடியில் ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக எழுதி வைத்ததும் அவள்தான். 'குணமானவர்கள் மிச்சத்தைத் திருப்பிப் போடவும்.'

எல்லோரும் போட்டார்கள். காய்ச்சல் இரண்டு நாளில் விட்டால், மீதி மாத்திரைகள் அடுத்தவளுக்காக டப்பாவுக்குத் திரும்பின. யாரும் ஒரு மாத்திரை கூடுதலாக விழுங்கவில்லை. அது அவர்களுக்குப் பெருமையாகவே இருந்தது. ஜனவரியில் அமிர்தவள்ளி இரண்டு நாள் சாப்பிட்டாள், எழுந்தாள், மிச்சத்தைப் போட்டாள். பிப்ரவரியில் மூன்று நாள். மார்ச்சில் ஐந்து நாள் சாப்பிட்டும் எழவில்லை.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்து, எந்தக் கிருமி வளர்கிறது என்று பார்க்கக் கல்ச்சருக்கு அனுப்பினார்கள். டைஃபாய்டாக இருக்கும் என்று டாக்டர் உடனே மருந்தை டிரிப்பில் ஏற்றச் சொன்னார். ஜெஸி பாட்டிலை மாட்டினாள். மகளைக் கடந்து போகும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "அதே மருந்துதான் ஏறுது. சரியாயிடும். நீ ஒண்ணும் உளறாத."

ஜெனிஃபா உளறவில்லை.

மறுநாள் காலை கோபி வந்தார். சுண்ணாம்பில் வெடித்த கைகள். எவ்வளவு சோப்பு போட்டும் போகாத டேனரி வாடை. அதனாலேயே கட்டிலை ஒட்டி நிற்காமல் ஜன்னல் ஓரமாக நின்றார்.

"இன்னா பாப்பா சொல்றாரு டாக்டரு?"

"டைஃபாய்டா இருக்கும்னு சொல்றார் அங்கிள். மருந்து ஏறுது."

"நீ கூட இருக்கசொல்ல எனக்கு இன்னா பயம்? போன மாசம்கூட நீதான் மாத்திர குடுத்து எழுப்பி வுட்டியாம். போன்ல சொல்லிச்சு. உன்ன மாதிரி ஒரு தோஸ்த் யாருக்குக் கெடைக்கும்."

டிரிப்பைச் சரிசெய்துகொண்டிருந்த ஜெஸியின் கை நின்றது. ஜெனிஃபா வாசலைப் பார்த்தாள். டாக்டர் வரும் நேரம்.

டாக்டர் வந்தார். கோபி செருப்பை வெளியே விட்டு, கைகட்டி, வராண்டாவில் போய் நின்றுகொண்டார். பெரிய மனிதர்கள் பேசும் இடத்தில் நின்று அவருக்குப் பழக்கமில்லை. அவர் சொல்லியிருக்கக்கூடிய அந்த ஒரு வார்த்தை அவரோடு வராண்டாவிலேயே நின்றுவிட்டது. ஜெனிஃபாவுக்கு அப்பாடா என்றிருந்தது. அப்படி இருந்ததை நினைத்துப் பிறகு பல நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் காய்ச்சல் நூற்று நான்கு. நான்காம் நாளும் நூற்று நான்கு. கண்ணைத் திறந்தாலும் அமிர்தவள்ளிக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை. "டைட்ரேஷன்ல கலர் வர மாட்டேங்குதுடி" என்று முனகிக்கொண்டு, விரல்களால் போர்வையில் எதையோ திருகிக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் நாள் காலை ரவுண்ட்ஸில் டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டினார்.

"கல்ச்சர்ல ஒண்ணுமே வளரல. மலேரியாவும் இல்ல. டைஃபாய்டுன்னா இந்த மருந்துக்கு இந்நேரம் அசைஞ்சிருக்கணும். வேற ஏதோ இருக்கு சிஸ்டர். டி.பி.க்குப் பாக்கலாம். இதையே கன்டின்யூ பண்ணுங்க."

அவர் போனதும் ஜெஸி மகளின் மணிக்கட்டைப் பிடித்து, துவைத்த போர்வைகள் அடுக்கியிருந்த அறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"எத்தினி மாத்திரடி சாப்ட்டா?"

"தெரியல மம்மி. காய்ச்சல் கவர்லேர்ந்து குடுத்தேன்."

"எத்தினி நாளு?"

"மூணு தடவ. மொதல்ல ரெண்டு நாளு. அப்புறம் மூணு. இப்ப அஞ்சு."

"ரெண்டு நாள்ல எதுக்கு நிறுத்தின?"

"காய்ச்சல் வுட்டுடுச்சு. வேஸ்ட் பண்ணக் கூடாதுன்னு மிச்சத்த டப்பால போட்டுட்டோம். நீதானே சொல்லுவ."

ஜெஸி போர்வை அடுக்கின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள். இருபத்தாறு வருஷம் நர்ஸாக இருந்தவள். ஒரு நிமிஷத்தில் எல்லாம் புரிந்துவிட்டது.

"பாதி அடி அடிச்சு வுட்டுருக்கீங்க. சாவாம நின்ன கிருமி மருந்துக்குப் பழகிடுச்சு. இதுக்கு மேல இந்த மருந்து அத ஒண்ணும் பண்ணாது. ஆனா ரத்தத்துல கலந்திருந்த மாத்திர, கல்ச்சர்ல மட்டும் அத வளர வுடாம அமுக்கி வச்சிருக்கு. டாக்டருக்கு எப்படித் தெரியும்? நாலு நாளா அந்தப் பாட்டில நான்தான் மாட்டிக்கிட்டு இருக்கேன்."

"சொல்லிடலாம் மம்மி."

"இன்னான்னு சொல்லுவ?" ஜெஸி கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். "வார்டு மாத்திரைன்னா? போன வருஷம் அரை பாட்டில் ஸ்பிரிட்ட பையில வச்சதுக்கு அட்டெண்டர் ஒருத்திய அன்னிக்கே வெளிய அனுப்புனாங்க. நான் மூணு வருஷமா மாத்திர எடுத்துட்டுப் போயிருக்கேன். வேலையும் போயி குவார்ட்டர்ஸும் போனா, உன் தம்பியக் கூட்டிக்கிட்டு எங்க போயி நிப்பேன்?"

ஜெனிஃபா கதவுப் பக்கம் திரும்பினாள்.

"மெடிக்கல் ஷாப்ல வாங்கினேன்னு சொல்லு" என்றாள் ஜெஸி, அவள் முகத்தைப் பார்க்காமல். "அது போதும். மருந்த மாத்திடுவாரு."

ஜெனிஃபா டாக்டரின் அறைக்குப் போனாள். சொன்னாள்.

டாக்டர் ஜெயகரன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "இத அஞ்சு நாள் கழிச்சு வந்து சொல்றீங்களா? என்ன மாத்திரை?"

"வெள்ளையா, நீளமா..."

"வெள்ளையா நீளமா நூறு மாத்திரை இருக்கு. பேரு?"

"தெரியல சார்."

"எந்தக் கடை?"

அவள் வாயைத் திறந்தாள். ஒரு கடைப் பெயர்கூட வரவில்லை.

"ஒரே மாத்திரையா, வேற வேறயா?"

"வேற வேறயும் இருந்துச்சு சார்."

"எந்தெந்த மருந்து தோத்துப் போச்சுன்னு தெரியாம நான் கண்ண மூடிக்கிட்டு அடுத்தத ஏத்த முடியாது. அதுவும் தோத்துட்டா அவங்களுக்கு இன்னொரு மூணு நாள் கிடையாது. மிச்சம் இருந்தா எடுத்துட்டு வாங்க. ஒண்ணு விடாம. மத்தியானத்துக்குள்ள."

ஹாஸ்டலுக்குப் பஸ்ஸில் நாற்பது நிமிஷம். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தும் அவள் உட்காரவில்லை.

அறையில் ஃபேன் சுற்றவில்லை. அஃப்ஸர் ஜஹான் கழுத்துவரை போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள்.

"வந்துட்டியா டாக்டரம்மா. அமிர்தா எப்படிடி இருக்கா? எனக்கும் நேத்திலேர்ந்து குளுருது. பேஜாரா இருக்கு. பரவால்ல, ரெண்டு போட்டுட்டேன். நாளைக்குக் கம்மியாயிடும்."

"எதப் போட்ட?"

"உன் டப்பாலதான். காய்ச்சல் கவரு. காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. நாங்க ஒழுங்காத்தான் சாப்புடுவோம்." சிரித்தாள். பல் தந்தி அடித்தது.

ஜெனிஃபா டப்பாவைக் கட்டிலில் கவிழ்த்தாள்.

கவரிலிருந்து மாத்திரைகளை மட்டும் எடுத்து ஒரு வெள்ளைத் தாளில் மடித்துக்கொள்ளலாம். அம்மாவின் எழுத்து இங்கேயே கிடக்கட்டும். வழியெல்லாம் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். இப்போது காய்ச்சல் கவரில் இருந்த பதினேழு மாத்திரைகளும் போர்வையின் மேல் கிடந்தன. எல்லாம் வெள்ளை. சில நீளம், சில கொஞ்சம் குட்டை, சிலவற்றின் நடுவில் கோடு. ஆஸ்பத்திரி மொத்தமாக டின்னில் வாங்கிக் காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் மாத்திரைகள். மேலே எழுத்து இல்லை, அட்டை இல்லை. எது எது என்று பார்த்தே சொல்லக்கூடியவள், தினமும் அவற்றைக் கையில் எடுத்துக் கொடுக்கும் வார்டு நர்ஸ் மட்டும்தான். தாளில் மடித்துக் கொண்டுபோனால் டாக்டர் கையில் பதினேழு வெள்ளை மாத்திரைகள் இருக்கும், அவ்வளவுதான்.

அவள் எல்லாவற்றையும் கவரோடு டப்பாவில் போட்டு மூடினாள்.

"எழுந்திரு அஃப்ஸர். நீயும் வா."

"எனக்கு இன்னாடி? ரெண்டு நாள்ல..."

"எழுந்திருடின்னா."

அஃப்ஸர் ஜஹான் அவள் முகத்தைப் பார்த்தாள். வேறு எதுவும் கேட்காமல் செருப்பைத் தேடினாள்.

ஆஸ்பத்திரிக்கு வந்தபோது வார்டு வாசலில் கோபி தரையில் உட்கார்ந்திருந்தார். ஜெனிஃபாவைப் பார்த்ததும் நிமிர்ந்தார். 

"கருப்பா போவுது பாப்பா. வயித்துக்குள்ள ரத்தம் ஒழுவுதாம். கையெழுத்துப் போடச் சொன்னாங்க. போட்டேன். எதுக்குன்னுகூட கேக்கல."

உள்ளே கட்டிலைச் சுற்றித் திரை. ரத்தப் பாட்டில் ஒரு பக்கம் தொங்கியது. டாக்டர் ஜெயகரன் அமிர்தவள்ளியின் வயிற்றை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெஸி பி.பி. பார்த்துச் சொன்னாள். எண்பது. ஐந்து நிமிஷம் கழித்து எழுபது.

"கொண்டாந்தீங்களா?" என்றார் டாக்டர், திரும்பாமல்.

ஜெனிஃபா டப்பாவை நீட்டினாள். டாக்டரின் இரண்டு கையும் வேலையில் இருந்தன. ஜெஸிதான் வாங்கினாள்.

டப்பாவை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவள் இரண்டடி பின்னால் போனாள். பின்னால் வாஷ் பேசின். குழாயைத் திறந்தால் போதும். ஜெனிஃபாவுக்கும் அது தோன்றியது. அம்மாவின் கண் பேசினுக்குப் போனதையும் அவள் பார்த்தாள். நடுவில் போய் நிற்க வேண்டும் என்று நினைத்தாள். கால் நகரவில்லை.

ஜெஸி டப்பாவைத் திறந்தாள். எஃகு ட்ரேயில் காணிக்கைக் கவரைக் கவிழ்த்தாள். ஜன்னல் வெளிச்சத்தில், கோழி அரிசி பொறுக்குகிற வேகத்தில், விரல் நுனியால் தள்ளித் தள்ளி நான்கு குவியலாகப் பிரித்தாள். பிறகு கேஸ் ஷீட்டை எடுத்து, முதல் நாள் தானே எழுதிய 'பாராசிட்டமால் மட்டும்' என்ற வரியைக் குறுக்கே அடித்தாள். அதன் கீழே நான்கு மருந்துகளின் பெயர்களை எழுதினாள். தேதி போட்டாள். தன் கையெழுத்தும், ஸ்டாஃப் நம்பரும்.

"டாக்டர், இவ ஜனவரிலேர்ந்து இப்ப ஏத்துற மருந்தத்தான் ஜாஸ்தி சாப்பிட்டிருக்கா. விட்டு விட்டு. கூட இந்த மூணும் கலந்திருக்கு. எல்லாம் நம்ம வார்டு மாத்திர. எடுத்தது நான். என் பொண்ணுகிட்ட குடுத்ததும் நான்."

திரைக்கு வெளியே கோபியின் நிழல் தெரிந்தது. எழுந்து நின்றுவிட்டிருந்தார்.

டாக்டர் கேஸ் ஷீட்டைப் பார்த்தார். ஜெஸியைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை அவர் முகம்.

"நாலு நாளா நான் பச்சத் தண்ணிய ஏத்திக்கிட்டு இருந்திருக்கேன்" என்றார். பிறகு இந்த நான்கிலும் சேராத ஒரு இன்ஜெக்ஷனின் பெயரைச் சொன்னார். "ஓடுங்க சிஸ்டர். சர்ஜனையும் கூப்பிடுங்க. வயிறு ஓட்டையாயிடுச்சுன்னா திறந்துதான் ஆகணும்."

ஜெஸி ஓடினாள். முதல் ஊசியை அவள்தான் போட்டாள். அந்த வார்டில் அவள் போட்ட கடைசி ஊசி அது.

மத்தியானம் மூன்று மணிக்கு நர்சிங் சூப்பிரண்டெண்ட் அறையிலிருந்து ஆள் வந்தது. ஜெஸி தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது கையில் தொப்பி இல்லை. மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. வராண்டாவில் கோபிக்கு எதிரே போய் நின்றாள்.

"என்ன மன்னிச்சுடுங்க."

கோபி வார்டு வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆம்பூரிலிருந்து ஷிப்ட் முடித்து ரத்தம் கொடுக்க வந்திருந்த நான்கு பேர் அவரோடு நின்றிருந்தார்கள்.   ஜெஸி படியிறங்கிப் போனாள்.

சர்ஜன் வந்து பார்த்துவிட்டு, இன்று வேண்டாம், காத்திருக்கலாம் என்றார். காத்திருந்தார்கள். மறுநாளும் கருப்பாகப் போயிற்று. இன்னும் இரண்டு பாட்டில் ரத்தம். பக்கத்து வார்டில் அஃப்ஸர் ஜஹானுக்கும் அதே இன்ஜெக்ஷன் ஏறியது; ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டதால் அவள் நான்கே நாளில் எழுந்து உட்கார்ந்து, சர்க்கரை இல்லாத டீயைத் திட்ட ஆரம்பித்தாள். பிராக்டிகல் தேர்வுக்கு அவள் போனாள். ஜெனிஃபாவும் போய் எழுதிவிட்டு வந்தாள். அமிர்தவள்ளியின் மேஜை காலியாக இருந்தது. பியூரெட்டை யாரோ கழுவி ஸ்டாண்டில் மாட்டி வைத்திருந்தார்கள்.

அன்று மத்தியானம் ஜெனிஃபா வார்டுக்கு வந்தபோது கட்டிலில் இருந்தவள் அவளை அடையாளம் கண்டுகொண்டாள். முடி கொத்துக் கொத்தாகத் தலையணையில் உதிர்ந்து கிடந்தது.

"ஜெனி. பிராக்டிகல் என்னிக்கிடி?"

ஜெனிஃபா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "இன்னிக்கு. முடிஞ்சிடுச்சு."

அமிர்தவள்ளி அழவில்லை; அழவும் தெம்பில்லை. முகத்தை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அப்பா முனீர் பாய்கிட்ட ஜூன்னு சொல்லியிருக்காருடி."

ஜன்னல் ஓரமாக நின்றிருந்த கோபி, "அத்த வுடு. கஞ்சி குடி" என்றார். தம்ளரை மகளிடம் நீட்டினார். ஜெனிஃபா அதை வாங்கிக் கொடுக்கக் கை நீட்டியபோது அவர் தரவில்லை. சுற்றி வந்து தானே ஊட்டினார். நான்கு நாளாக அவர் அவளைப் பாப்பா என்று கூப்பிடவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

இரண்டு மடக்குக் குடித்ததும் அமிர்தவள்ளி கேட்டாள். "உங்கம்மா எங்கடி? கண்ணத் தொறக்கும்போதெல்லாம் அவங்கதான் நின்னாங்க. இப்ப வேற யாரோ வர்றாங்க."

லீவு என்று சொல்லலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது அந்தச் சொல். ஜெனிஃபா கோபியைப் பார்த்தாள். அவர் கரண்டியைத் தம்ளரில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

"வேலைய வுட்டு எடுத்துட்டாங்க. குவார்ட்டர்ஸ இந்த மாசத்துக்குள்ள காலி பண்ணணும். நான் உனக்குக் குடுத்த மாத்திரையாலதான் இவ்ளோவும் அமிர்தா. மொத நாளே டாக்டர் கேட்டாரு. நான் இல்லன்னு சொல்லிட்டேன்."

அமிர்தவள்ளி வெகு நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாளா, பேசப் பிடிக்கவில்லையா என்று தெரியவில்லை.

புதிய நர்ஸ் வந்து தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்தாள். தொண்ணூற்றெட்டு புள்ளி ஆறு. கட்டில் காலடியில் தொங்கிய சார்ட்டில் குறித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

ஜெனிஃபா சார்ட்டைக் கையில் எடுத்தாள். முதல் ஐந்து நாளும் நூற்று நான்கு, நூற்று நான்கு என்று அம்மாவின் குண்டு குண்டு எழுத்து. ஆறாம் நாளிலிருந்து வேறு யாருடையதோ சாய்ந்த, மெல்லிய எழுத்து. காய்ச்சல் இறங்க ஆரம்பித்ததே அந்த எழுத்தில்தான்.